பதினெட்டா, பத்தொன்பதா?

"சார், ரெண்டும் சக்கரம்தான். ரெண்டும் உருளும். ஏதாவது ஒண்ணைச் சொன்னீங்கன்னா மாட்டிட்டு நான் அடுத்த வண்டியைப் பார்ப்பேன்" என்றார் டயர் கடைக்காரர்.

பிரேக் சார் அசையவில்லை. கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த இரண்டு சக்கரங்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி நின்றார். இடதுபக்கம் இருந்தது பதினெட்டு இஞ்ச். வலதுபக்கம் இருந்தது காரிலிருந்து கழற்றிய பத்தொன்பது. வித்தியாசம் ஓர் இஞ்ச்தான். ஆனால் அந்த ஓர் இஞ்ச்சில் அவருடைய குடும்ப நிம்மதியே அடங்கியிருந்தது.

"எதுல முதுகு வலிக்காது?" என்று கேட்டார்.

"யாருக்கு, உங்களுக்கா?"

"என் வீட்டம்மாவுக்கு."

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். பேச்சு என்று வந்துவிட்டால் அவருக்கு அடுத்த வண்டியெல்லாம் மறந்துபோகும். "ரிம் பெருசானா டயர் ஒல்லியாகும். ரோட்டுல ஒரு கல்லு கிடந்தா அது நேரா முதுகெலும்புல வந்து பேசும். ரிம் சின்னதுன்னா ரப்பர் தடியா இருக்கும், மெத்தை மாதிரி. ஆனா பார்க்க எடுப்பா இருக்காது."

"எடுப்பு கிடக்கட்டும். பதினெட்டே போடுங்க" என்றார் பிரேக் சார்.

அவரை இன்ஷூரன்ஸ் ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். விபத்துப் பிரிவில் அதிகாரி. ஒரு கார் எந்தெந்த வகையில் எல்லாம் நொறுங்க முடியும் என்பது அவருக்கு மனப்பாடம். பச்சை விளக்கு எரிந்தாலும் ஒருமுறை பிரேக்கை மிதித்து, இரண்டு பக்கமும் பார்த்து, விளக்கு உண்மையிலேயே பச்சைதானா என்று உறுதி செய்துகொண்டுதான் நகருவார். அதற்குள் அது சிவப்பாகிவிடும்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார் என்பதை ஆபீசில் இன்னும் பலர் நம்பவில்லை. ரத்தச் சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் உடம்பு. பள்ளிக்கூட நாளில் அலமாரிக் கதவின் உள்பக்கம் அவர் ஒட்டி வைத்திருந்த படத்தில் இருந்த அதே மாதிரி கார். அதை வைத்திருந்த பல் டாக்டருக்கு மூட்டுவலி வந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போனதால் கை மாறியது. பிரேக் சார் ஆபீசுக்குப் பஸ்ஸில்தான் போய் வருவார். கார் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வரும்.

அவருடைய மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் ஏற்கெனவே இருந்த சின்னக் காரில் பள்ளிக்குப் போய் மத்தியானமே திரும்பிவிடுவார். வாங்கிய முதல் ஞாயிறு டீச்சரைப் புதுக் காரில் உட்காரவைத்து, கலங்கரை விளக்கம் வரை கூட்டிக்கொண்டு போனார் பிரேக் சார். முன்னால் ஒரு குப்பை லாரி போனது. முந்திப் போவது ஆபத்து என்பதால் போகும் வழி முழுக்க அதன் பின்னாலேயே போனார். திரும்பி வந்து இறங்கிய டீச்சர், "எனக்கு முதுகு வலிக்குதுங்க. இனிமே நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் காரில் அவருடன் ஏறவே இல்லை.

பிரேக் சாருக்கு அது பெரிய அடி. இருவர் போவதற்கென்றே செய்த வண்டி அது. அதில் ஒருவர் மட்டும் போனால், பார்க்கிறவர்களுக்கு எப்படியோ, போகிறவருக்கு அழுகை வரும். பக்கத்து இருக்கையில் தண்ணீர் பாட்டிலை வைத்து, அது உருண்டுவிடாமல் அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு போய் வந்தார். கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று தண்ணீரைக் குடிப்பார். பிறகு காலி பாட்டிலுக்கு மறுபடி பெல்ட் மாட்டிக்கொண்டு திரும்புவார். அப்போதுதான் பழுது தன்னிடம் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது என்ற ஞானோதயம் அவருக்கு வந்தது.

பதினெட்டு இஞ்ச் மாட்டிய காரை வாசலில் நிறுத்திவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

டீச்சர் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஏன் மாத்தினீங்க? பழசு நல்லாத்தானே இருந்துச்சு?"

"உனக்காகத்தான்மா! இது மெத்தை மாதிரி இருக்கும். முதுகே வலிக்காது. இந்த ஞாயிறு வரியா?"

"இந்த வாரம் பரீட்சைப் பேப்பர் திருத்தணுமே" என்று டீச்சர் உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் டீச்சரின் தம்பி வந்தான். வேலை எதுவும் நிலையாக இல்லாததால் எல்லா விஷயத்திலும் தெளிவான கருத்து உள்ளவன். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"மாமா, யானைக்குச் செருப்புப் போட்ட மாதிரி இருக்கு. சக்கரத்துக்கு மேல இருக்கிற இடைவெளியில பூனை குடும்பம் நடத்தலாம்."

"உங்கக்காவோட முதுகுக்காகப் போட்டதுடா."

"அக்காவுக்கு முதுகா?" என்று அவன் உள்பக்கம் திரும்பிப் பார்த்தான். டீச்சர் அங்கிருந்து ஒரு பார்வை பார்த்தார். அவன் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தான்.

சக்கரம் மாற்றியதிலிருந்து பிரேக் சாருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஞாயிறு ஓட்டி முடித்ததும் மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்வார். அடுத்த ஞாயிறு வீட்டிலிருந்து கலங்கரை விளக்கம், கலங்கரை விளக்கத்திலிருந்து வீடு. திரும்பி வந்து பார்த்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீட்டர் அந்தத் தூரத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டிச் சொன்னது. பெட்ரோலும் அதே கணக்கில் இறங்கியிருந்தது.

தம்பியை வரவழைத்துக் கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை.

"இதுல என்ன மாமா அதிசயம்? சக்கரம் சின்னதானா அதிகம் சுத்தும். மீட்டர் பாவம், சுத்தறதை எண்ணித்தானே சொல்லுது? அதிகம் சுத்தினா வண்டி அதிகம் குடிக்கத்தான் செய்யும்."

"அதுக்காக மூணு மடங்கா?"

"வட்டம்னா அப்படித்தான் மாமா."

பிரேக் சாருக்குச் சந்தேகம் தீரவில்லை. பேப்பர் திருத்திக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். "நீ கணக்கு டீச்சர். நீ சொல்லு, இவன் சொல்றது சரியா?"

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி, மறுபடி திறந்தார். "சரியாத்தாங்க இருக்கு" என்றார். "வட்டத்துல அப்படி வரும்."

கணக்கு டீச்சரே சொன்னபிறகு மேல்முறையீடு ஏது? பிரேக் சார் மறுபடி டயர் கடைக்குப் போனார். சக்கரம் பெரிதானால் குறைவாகச் சுற்றும், மீட்டர் பொய் சொல்லாது. பத்தொன்பது ஏற்கெனவே முதுகைக் கெடுத்த சக்கரம், அதனால் அது வேண்டாம். இருபது போடச் சொன்னார். இருபது இன்னும் கடினமாக இருக்குமே என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. இருக்கையில் நல்ல மெத்தையாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் போயிற்று என்று நினைத்தார்.

கடைக்காரர் பதினெட்டைக் கழற்றி உருட்டிப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவினார். பிறகு பிரேக் சாரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சார், நீங்க அந்த மாதிரி ஆளா?"

"எந்த மாதிரி?"

"பார்க்க சாதுவா இருக்கீங்க. டயரோட ஓரத்தைப் பாருங்க, தேஞ்சு போயிருக்கு. வளைவுல வேகத்தைக் குறைக்காம ஒரே இழுப்பா இழுத்தாத்தான் இப்படித் தேயும். வளைவு வளைவா இருக்கிற மலை ரோட்டுல பறக்கிறவங்க வண்டியிலதான் இதைப் பார்த்திருக்கேன்."

கலங்கரை விளக்கம் போகும் சாலையில் இருப்பது ஒரே ஒரு வளைவு. அதில் அவர் கிட்டத்தட்ட இறங்கித் தள்ளாத குறைதான். தடியான டயர் என்றால் இப்படித்தான் தேயும்போல என்று அவருக்குப் புரிந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து அவர்மேல் யாருமே வேகத்தைச் சந்தேகப்பட்டதில்லை. ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஏதோ... கொஞ்சம் பழக்கம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "டயர் கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? நான் வளைவுல பறக்கிற ஆளாம்!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டீச்சருக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தட்டி அடங்க வெகுநேரம் ஆயிற்று. கேலி செய்கிறாள், செய்யட்டும் என்று பிரேக் சார் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

இருபது இஞ்ச் வேறொரு தலைவலி. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் மேல்மூடியில் உரசிக் கத்தியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பிரேக் சாரின் பல் கிடுகிடுத்தது. வாங்கிப் போட்ட மெத்தை அவரை உயர்த்திவிட்டதால் தலை கூரையில் இடித்தது. அதிர்வில் கண்ணாடி எல்லாம் இடம்மாறிவிடும்போல. ஒரு ஞாயிறு பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் சாலைக்குப் பதிலாகத் தன்னுடைய நெற்றி தெரிந்தது. முன்சக்கரத்தின் ரிம்மில் ஒரு நீளமான கீறல் வேறு. எங்கே உரசினோம் என்று அவருக்கு நினைவே வரவில்லை. விபத்துப் பிரிவு அதிகாரி என்பதால் கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே விசாரித்தார். முன்னுக்குப் பின் முரணாகப் பதில் வந்ததால், கவனக்குறைவு என்று தன்மேலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

இத்தனைக்கும் மேல் மீட்டர். குறைய வேண்டிய கிலோமீட்டர் இன்னும் கூடியிருந்தது.

"என்னடா இது?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவன் தலையைச் சொறிந்தான். "ஒரு அளவுக்கு மேல போனா தலைகீழா வேலை செய்யும்போல மாமா."

டீச்சர் மெதுவாக இடையில் புகுந்தார். "ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா? பத்தொன்பதையே திரும்பப் போட்டுருங்க. பதினெட்டுக்கும் இருபதுக்கும் அதுதானே சராசரி?"

பிரேக் சாருக்குக் கண் கலங்கியது. தன் முதுகு போனாலும் பரவாயில்லை, புருஷனுக்கு நிம்மதி வேண்டும் என்று நினைக்கிறாளே! இப்படிப்பட்ட பெண்ணின் முதுகைப் பணயம் வைப்பதா? முடியாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். டீச்சர் பெருமூச்சு விட்டார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முன்னால் பதினெட்டு, பின்னால் பத்தொன்பது. டயர் கடைக்காரர் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். பிரேக் சார் கேட்கவில்லை. மாட்டி முடித்ததும் கார் தரையில் எதையோ முகர்ந்து பார்ப்பதுபோல் மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்து, எதற்கும் அணையவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் மூன்று பேர் கையைக் காட்டி நிறுத்தி, "சார், முன்னாடி காத்து இல்லை" என்று அக்கறையாகச் சொன்னார்கள். மூன்று பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

ஓட்டுக் கொட்டகையில் காரை விட்டு உறையைப் போர்த்தும்போது அவருக்கு எல்லாம் வெறுத்துப்போனது. பல் டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் மூட்டுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது குதித்துக்கொண்டிருந்தார். காரைத் திரும்பக் கொடுப்பதென்றால் திங்கட்கிழமையே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னார். டீச்சர் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"எதை விக்கப் போறீங்க?"

"காரைத்தான்."

"எதுக்கு?"

"எதுக்கா?" பிரேக் சார் தட்டைத் தள்ளிவைத்தார். "சின்ன வயசுல அலமாரியில ஒட்டியிருந்த படத்தைத் தினம் பார்ப்பேன். அதுல ரெண்டு சீட்டு. ஒண்ணுல நான் உட்கார்ந்திருப்பேன். இன்னொண்ணுல யாருன்னு தெரியாது. உன்னைக் கட்டிக்கிட்ட அப்புறம் தெரிஞ்சுது. இப்போ அந்த சீட்டுல தண்ணி பாட்டில் உட்கார்ந்துட்டு வருது. எனக்கு இந்த வண்டியே வேண்டாம்."

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. அவர் எழுந்து வந்து கணவரின் தோளில் கைவைத்தார்.

"விக்காதீங்க. இந்த ஞாயிறு நான் வரேன்."

"உன் முதுகு?"

"முதுகு கிடக்குது. டாக்டருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. என் முன்னாடியே சொல்லுங்க."

பிரேக் சார் போன் செய்தார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கியது. மறுநாளே கடைக்கு ஓடி, நான்கு பக்கமும் பதினெட்டே மாட்டச் சொன்னார். இருப்பதிலேயே தடியான டயராகத் தேர்ந்தெடுத்தார். மீட்டர் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லட்டும், வண்டி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கட்டும், அந்த முதுகு நோகக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாழ்வான காருக்குள் டீச்சர் இறங்க வசதியாக ஒரு குட்டி முக்காலியைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் போட்டார். டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. ஒரு காலை உள்ளே விட்டு, உடம்பைத் திருப்பி, பொத்தென்று உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். பிரேக் சார் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் டிக்கியில் வைத்தார். அதைப் படுக்கவைக்கும்போது அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

வண்டி கிளம்பியது. மனைவியின் முதுகுக்காக வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். சைக்கிளில் போன ஒரு பெரியவர் மணியடித்து முந்திக்கொண்டு போனார். ஓரக்கண்ணால் பார்த்தபோது டீச்சர் வலது காலால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பாவம், பயத்தில் இல்லாத பிரேக்கைத் தேடுகிறாள் என்று வேகத்தை இன்னும் குறைத்தார்.

"பயமா இருக்கா?"

"இல்லைங்க" என்றார் டீச்சர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது.

"முதுகு?"

டீச்சர் அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்ததும் அவருடைய குரல் இளகிவிட்டது. "ஒண்ணுமே வலிக்கலைங்க. சுகமா இருக்கு."

பிரேக் சாருக்கு வானத்தில் மிதப்பதுபோல் இருந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை சக்கரம்! அந்த உற்சாகத்தில், அன்று கலங்கரை விளக்கத்துக்குப் போகாமல், வாழ்நாளில் முதல்முறையாக மலைப்பாதைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். டயர் கடைக்காரர் சொன்னது மனதின் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது. அடிவாரம் வரை போய்த் திரும்பலாம், மேலே ஏற வேண்டாம் என்று நினைத்தார்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த ரோடு எதுக்குங்க? கடற்கரைப் பக்கமே போகலாமே?"

"ஒரு மாறுதலுக்கு" என்றார் பிரேக் சார். அப்போது பெட்ரோல் விளக்கு எரிந்தது. அடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டார்.

"இங்க வேண்டாங்க" என்று டீச்சர் அவசரமாகச் சொன்னார். "திரும்பிப் போற வழியில போட்டுக்கலாம்."

"விளக்கு எரியும்போது ஓட்டவே கூடாதும்மா. நடு ரோட்டுல நின்னு, பின்னாடி வர்ற லாரி மோதின கேஸ் எத்தனை பார்த்திருக்கேன் தெரியுமா?"

"அப்போ சீக்கிரமாப் போட்டுட்டுக் கிளம்புங்க. ரொம்ப வெயிலா இருக்கு." டீச்சர் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு இருக்கையில் சரிந்து உட்கார்ந்தார். வெயில் அவ்வளவாக இல்லை. ஆனாலும் பிரேக் சார் அக்கறையாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

பெட்ரோல் போடுகிறவர் சிவப்புக் காரைப் பார்த்ததுமே கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முகம் மலர ஓடிவந்தார். பிரேக் சார் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, எவ்வளவு என்று சொல்ல வாயைத் திறந்தார். வந்தவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு போய் டீச்சர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வந்தவர் விடுவதாக இல்லை. சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி தட்டினார்.

"என்ன மேடம், இன்னிக்கு டிரைவர் வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க? அது சரி, மலை வளைவுல பத்தொன்பதுதான் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுதுன்னு சொல்லுவீங்களே, எந்தப் புண்ணியவான் அதைக் கழட்டினது?"